விமானத்தில் ஆள் அடுக்கியது

துறைமுகத்தில் என் வேலை அடுக்குவது. கப்பலில் எந்தக் கன்டெய்னர் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கணினித் திரையில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பேன். பாரமானது கீழே, லேசானது மேலே, இடதும் வலதும் சமமாக. இதில் பிசகினால் கப்பல் சாயும். இருபது வருஷத்துக்கு மேல் செய்கிறேன். நான் அடுக்கிய கப்பல் எதுவும் சாய்ந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பின்னே எதற்குச் சொல்வேன்?

அப்பேர்ப்பட்டவள் விமானம் என்றால் நடுங்குகிறாள் என்று ஆபீசில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கப்பலில் எஞ்சின் நின்றுபோனால் கேப்டன் நங்கூரத்தைப் போட்டுவிட்டு ஒரு டீ குடிக்கலாம். ஆகாயத்தில் நங்கூரத்தை எதில் போடுவது? இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவரும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

முன்னால் இந்தப் பயம் எனக்கு இல்லை. மூன்று தடவை சென்னைக்குப் பறந்திருக்கிறேன், அதுவும் ஜன்னலோரம் கேட்டு வாங்கி. பிறகுதான் அந்த விபத்துச் செய்தி வந்தது. கிளம்பிய கையோடு ஒரு விமானம் விழுந்ததை நாடே டிவியில் பார்த்தது. மற்றவர்கள் ஒருமுறை பார்த்து, கண்ணைத் துடைத்து, சேனலை மாற்றியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வசதி கிடையாது. ரிமோட் என் வீட்டுக்காரர் கையில் இருக்கும்.

அவருக்கு ஊருக்குள் ஹார்டுவேர் கடை. ஆணி, பெயின்ட், பைப்பு. கடையை அடைத்துவிட்டு வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த வாரம் முழுக்கச் சிவப்பு அம்புக்குறியும் வட்டமும் போட்டு, ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். இறக்கை மடிப்பு என்றால் என்ன, எரிபொருள் சுவிட்சு எங்கே இருக்கும், எல்லாம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. விவரம் தெரிந்தால் பயம் போகும் என்பார்களே, அது சுத்தப் பொய். விவரம் தெரியாத வரைக்கும் ஒரு பயம்தான் இருந்தது. தெரிந்த பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் தனித்தனியாகப் பயப்பட வேண்டியதாயிற்று.

எங்கள் மொட்டை மாடிக்கு மேலாகத்தான் காலை விமானம் போகும். முன்பெல்லாம் சத்தம் கேட்டால் மணி பார்க்காமலே சோற்று உலையை வைப்பேன். அந்தச் செய்திக்குப் பிறகு ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் கண்ணை எடுத்தால் அது விழுந்துவிடும் என்று ஒரு எண்ணம். என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று, "ஏளா, பைலட்டு உன்கிட்ட சொல்லிக்கிடாமலே போயிட்டான் பாத்தியா," என்பார். இவரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாட்டை வேறு யாரிடம் சொல்ல.

இப்படி நான் தரையில் நிற்பதே போதும் என்றிருந்த நேரத்தில்தான் மகள் கல்யாணம் வந்தது. எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பையன் வேற சாதி ஆளுக. என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பையனை ஒருமுறை ஊருக்கு வரவழைத்து, பொரித்த பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, "நல்ல பையன்தாம்ளா. கூச்சப்படாம திங்கான்," என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மகள் போனில் கேட்டபோது நான் ஒரு கப்பல் வேலையில் இருந்தேன். கிரேன் ஆள் ஒரு காதில் கத்துகிறான், இவள் ஒரு காதில் கேட்கிறாள். "சரி" என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லிவிட்டேன். அந்தச் 'சரி'யை அவள் எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாளோ தெரியாது.

என் அண்ணன்தான் குதித்தான். தாய்மாமன் இல்லையா, அவனுக்குக் குதிக்க உரிமை உண்டாம். சொந்தத்தில் ஒருத்தரும் போகக்கூடாது என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு, கடைசியில் என் மகளுக்கே போன் போட்டிருக்கிறான். "உங்கம்மா நேர்ல வேண்டாம்னு சொல்ல மாட்டா. கடைசி நேரத்துல ஏதாவது ஒரு சாக்கு சொல்லிட்டு நின்னுக்கிடுவா. வேணும்னா பாரு." மகள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் பாதி நம்பியிருந்தாள்.

"உங்க மாமன் கெடக்கான் சவம். நான் வராம உனக்குக் கல்யாணமாளா?" என்றேன்.

பதிவுத் திருமணம். திங்கட்கிழமை காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அங்கேயே மாலையும் தாலியும், அப்புறம் பக்கத்தில் சாப்பாடு. சாட்சிக் கையெழுத்து மூன்று வேண்டும், ஒன்று நான். ஞாயிறு ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் சென்னை. விமானம் என்ற பேச்சையே நான் எடுக்க விடவில்லை. ரயிலுக்கு டிக்கெட் போடப் போனால் வெயிட்டிங் லிஸ்ட். பண்டிகை இல்லை, லீவு இல்லை, முகூர்த்த நாளும் இல்லை, எதற்கு இவ்வளவு கூட்டம்? அப்புறம்தான் விளங்கியது. என்னை மாதிரியே ஊரில் பாதிப் பேர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறார்கள். என் பயத்தையே எனக்கு முன்னால் நாலு பேர் பட்டு சீட்டைப் பிடித்துவிட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் சார்ட் வந்தது. எங்கள் இரண்டு டிக்கெட்டும் ஏறவில்லை. பஸ்ஸில் போகலாம், காரில் போகலாம் என்றேன். இவருக்கு இடுப்பு வலி. ராத்திரி முழுக்க உட்கார்ந்து போனால் காலையில் நிமிர மாட்டார். தாலி எடுத்துக் கொடுக்க இவரை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த டிரெய்லர் லாரி ஒன்று சென்னைக்கு லோடு ஏற்றுகிறது என்று நினைவு வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் படுக்க இடம் உண்டு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

"போ," என்றார் இவர். "கன்டெய்னருக்குள்ளயே ஏறிக்கோ. நீயே சீல் போட்டுக்கிட்டா கஸ்டம்ஸ்ல கூட நிறுத்த மாட்டான்."

சொல்லிவிட்டுப் போனை என் முன்னால் நீட்டினார். திங்கள் காலை விமானத்துக்கு இரண்டு டிக்கெட். எப்போது போட்டார் என்று கேட்டால், மூன்று நாளாக அவர் பையில் இருக்கிறதாம். "சார்ட்டுல நம்ம பேரு வராதுன்னு எனக்குத் தெரியும்லா," என்றார். அந்த நேரத்தில் அவரைக் கடலில் தள்ளலாம் போல எனக்குக் கோபம். ஆனாலும் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினேன். கோபம் வந்தாலும் அடுக்குவேன், பயம் வந்தாலும் அடுக்குவேன். அன்றைக்கு இரண்டும் வந்ததால் பெட்டி ரொம்ப நேர்த்தியாக அமைந்தது.

மறுநாள் காலையில் வாகைக்குளத்தில் விமான நிலைய வாசல் வரைக்கும் என் கால் ஒழுங்காகத்தான் வந்தது. கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இவர் ஆதார் அட்டையைக் காட்டி உள்ளே ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணுக்குள் அந்தச் சிவப்பு அம்புக்குறி வந்து நிற்கிறது. "நீங்க போங்க. எனக்கு முடியல," என்றேன். அந்த மனுஷன் முதல்முறையாகக் கேலி பண்ணாமல் நின்றார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் போட்டாள்.

"எங்கம்மா இருக்க?"

"வாசல்ல."

"உள்ள போகலயா?"

எங்களுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்று, ஆள் இறக்கிவிட்டுப் போனது. அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

"அம்மா, பயமா இருந்தா வராத. கோவத்துல சொல்லல. வீடியோ கால்ல பாத்துக்கோ. சாட்சிக்கு என் ரூம்மேட்டோட அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவங்க பட்டுச் சேலைலாம் கட்டி ரெடியா இருக்காங்க."

ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அழுதிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். இவள் முந்தின நாளே எனக்குப் பதில் ஒரு அம்மாவை ஏற்பாடு செய்து, சேலை கூடக் கட்டி உட்கார வைத்திருக்கிறாள். நான் வர மாட்டேன் என்பது அவளுக்கு முடிந்துபோன சங்கதி. அண்ணன் சொன்னது பலித்துவிட்டது. இனிமேல் நான் ஆயிரம் தடவை பயம், பயம் என்று சத்தியம் செய்தாலும் அவள் "சரிம்மா" என்பாள், நம்ப மாட்டாள்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள். "அந்தம்மா எதுக்குட்டி பட்டு கட்டுதா? அவ பெத்தாளா உன்ன? போய் வேற சேலை மாத்திட்டு வரச் சொல்லு!" என்று கத்திவிட்டுப் போனை அணைத்தேன். காவலுக்கு நின்ற பையன் நான் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டான். ஆத்திரத்திலேயே பெட்டியைக் கொடுத்து, ஆத்திரத்திலேயே சோதனை முடித்து, ஆத்திரத்திலேயே படியேறி உள்ளே போய் உட்கார்ந்தேன். பெல்ட்டைப் போட்ட பிறகுதான் என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

சின்ன விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் காற்றாடி. சீட்டில் பாதி காலி. பயப்படுகிறவர்கள் எல்லாம் ரயிலில் என் சீட்டில் படுத்துப் போய்விட்டார்கள் அல்லவா, அதனால். இருந்தவர்களும் முன்பக்கமாகவே உட்கார்ந்திருந்தார்கள். நான் மாதாவையும் திருச்செந்தூர் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அப்போது விமானப் பணிப்பெண் வந்து, "வெயிட் பேலன்ஸுக்காக முன்னால இருக்கிற சில பேர் பின்னால மாறி உட்காரணும், ப்ளீஸ்," என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் காசு கூடக் கொடுத்து ஜன்னல் சீட் வாங்கினதாகச் சொன்னார். ஒருவர் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் இரண்டாவது தடவை கெஞ்சுகிறாள். எனக்குள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்றது. எடையைச் சரியாக வைக்காமல் கிளப்பப் போகிறீர்களா? நான் இருக்கும்போதா?

பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்தேன். "ஏங்க, நீங்க மொதல்ல பின்னால போங்க," என்று இவரை அனுப்பினேன். அடுத்தது, தூங்குகிற மாதிரி நடித்த அண்ணாச்சி. நல்ல ஆகிருதி.

"அண்ணாச்சி, எந்திரிங்க. தொண்ணூறு கிலோ இருப்பீங்களா?"

அவர் கண்ணைத் திறந்து முறைத்தார். பக்கத்திலிருந்த அவர் சம்சாரம், "நூத்திமூணு," என்றாள்.

"அப்ப நீங்க கடைசி வரிசை, இடப்பக்கம். அக்கா, நீங்க வலப்பக்கம் போங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கப்பிடாது."

பதவி ஏதோ இருக்கிறவள் போலத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டார்கள். ஜன்னல்காரரைக் கூட எழுப்பிவிட்டேன். ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து, மனசுக்குள் எடை போட்டு, பாரமானவர்களை ஆகக் கடைசிக்கும் லேசானவர்களை அதற்கு முன்னாலும், இடதுக்கு ஒருத்தர் வலதுக்கு ஒருத்தராக உட்கார வைத்தேன். பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எவ்வளவு அழகான அடுக்கு! முன்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

பணிப்பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். "மேடம்," என்றாள், "நாலு பேர்தான் கேட்டோம்."

பைலட்டு அறைக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் எட்டிப் பார்த்தான். என் மகள் வயதுதான் இருக்கும். காலியான முன்வரிசையையும் நெருக்கி அடைத்த பின்வரிசையையும் பார்த்துவிட்டு, "யாரு இப்படி உட்கார வச்சது?" என்று கேட்டான். பின்வரிசை மொத்தமும் என்னைக் கைகாட்டியது. அதில் முதல் கை என் வீட்டுக்காரருடையது.

நான் விடவில்லை. கப்பலுக்குப் பின்பாரம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் நல்லது, அப்போதுதான் பின்னால் இருக்கிற காற்றாடி தண்ணீருக்குள் நன்றாக முங்கியிருக்கும் என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "கரெக்ட் மேடம். ஆனா எங்க காற்றாடி முன்னால இருக்கு. தண்ணியும் இல்ல. இப்படியே கிளப்பினா மூக்கு தூக்கிக்கும்," என்றான்.

விமானமே சிரித்தது. நூற்றிமூன்று அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்ததில் பின்பாரம் இன்னும் கூடியிருக்கும். நாலு பேரைத் தவிர எல்லோரும் மறுபடி முன்னால் வந்தார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி, இவரும் ஒருவர். "இருவது வருஷ சர்வீசுல மொத தடவையா ஒரு கப்பல சாய்க்கப் பாத்தியே," என்றார் இவர். அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அந்தப் பெண்ணும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

சிரிப்போடு பயம் இறங்கிப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். விமானம் ஓட ஆரம்பித்ததும் மொத்தமும் வட்டியோடு திரும்பி வந்தது. கீழே உப்பளமும் அதற்கப்பால் கடலும் தெரிகிறது, பார் என்று இவர் சொன்னார். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. சென்னை நெருங்கும்போது மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு குலுக்கியது பாருங்கள், இவர் கையை நான் பிடித்த பிடியில் அவருடைய மோதிரம் என் விரலில் பதிந்துவிட்டது. "இதோ, இதோ, இறங்கியாச்சு," என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரலும் ஒரு நிலையில் இல்லை. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பதிவு அலுவலகத்தில் ஒரே கூட்டம். அன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று ஜோடிகள் மாலையோடு நின்றார்கள். வராந்தாவின் கடைசியில் என் மகள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாம்பழ நிறப் பட்டில் ஒரு அம்மா, கையில் மல்லிகைச் சரத்தை வைத்துக்கொண்டு, அவள் பின்னலில் வைக்கப் போகிறாள். நான் ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது ஓட்டமில்லைதான், ஆனாலும் ஓடினேன்.

"குடுங்க, நான் வைக்கேன்," என்றேன்.

அந்தம்மா நல்ல மாதிரி. என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, பூவையும் கொண்டை ஊசியையும் என் கையில் வைத்தாள். மகள் என் குரலைக் கேட்டுவிட்டாள். ஆனால் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை விறைத்தது. என்னைத் திட்டவா, கட்டிக்கொள்ளவா என்று யோசிக்கிறாள் போல. நான் பூவைப் பின்னலில் சுற்றி ஊசியைச் செருகப் போனேன்.

ஊசி போகவில்லை. முதல்முறை பூவில் குத்தியது. இரண்டாவது முறை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து மூன்றாவது முறை செருகினேன்.

"ஆ! குத்துதும்மா!"

கோபமாகத் திரும்பியவள் என் கையைப் பார்த்தாள். விரல் பத்தும் தந்தி அடித்துக்கொண்டிருந்தன. இறங்கி அவ்வளவு நேரமாகியும் அது நிற்கவில்லை என்பதை நானே அப்போதுதான் பார்த்தேன். ஒளித்துக்கொள்ளலாம் என்று சேலை முந்தானைக்குள் இழுத்தேன். அவள் விடவில்லை. இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், ஏதோ புதுச் சாமானைப் பார்க்கிற மாதிரி.

"நெசமாவே பயமாம்மா?"

"பின்ன? வெளையாட்டுக்கா சொன்னேன்?"

"நான் சாக்குன்னு நினைச்சேன்." அவள் உதடு கோணியது. "உனக்கு வர இஷ்டமில்ல, மாமா சொன்னதுதான் சரின்னு நினைச்சிட்டேம்மா."

"கோட்டி பிடிச்ச கழுதை," என்றேன். ஏதாவது பேசி நிலைமையைச் சமாளிக்கிற ஆளான இவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"கூப்பிடுதாங்க, போளா," என்றேன்.

"இரு. மொதல்ல உன் கை நிக்கட்டும்," என்றாள்.

மாப்பிள்ளை பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்து நின்றார்.